கண்ணாடிக்குள் தெரியும் கடல்

மன்னார் மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றில் நடந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றிற் கலந்துகொள்ளும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் சிலர், தாம் படித்த பாடசாலைக்கு உதவ விரும்பி, ஐந்து மெய்நிகர்க் கண்ணாடிகளை வாங்கி அனுப்ப முன்வந்திருந்தனர். அவற்றை ஏற்பதா, வேறு ஏதாவது கேட்பதா என்பதே அன்றைய நிகழ்ச்சி நிரலின் முதல் விடயம். அதிபர் கடிதத்தை வாசித்து முடித்தார். சபையில் அமைதி. பின்வாங்கிலிருந்த தாயொருவர் எழுந்து, "அதைப் போட்டால் என்ன தெரியும், சேர்?" என்று கேட்டார்.

அதிபரால் உடனே பதில் கூற முடியவில்லை. எம்மாலும் முடியவில்லை. வீடு திரும்பிய பின் தேடி வாசித்தவற்றையும், எமது வேலைத்தளங்களிற் கண்டவற்றையும் சேர்த்து அந்தத் தாய்க்கு ஒரு பதில் எழுதிப் பார்க்கின்றோம். இது போன்ற கடிதங்கள் வேறு பல கிராமப் பாடசாலைகளுக்கும் வரக்கூடும் என்பதால் இதனை வாசகர்களின் முன் வைக்கின்றோம்.

மெய்நிகர்க் கண்ணாடி என்பது கண்களை முற்றாக மூடிக்கொள்ளும் ஒரு பெட்டி. நீரில் மூழ்குவோர் அணியும் கண்ணாடியைப் போலத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டப்படுகின்றது. எமது இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களிற் பார்க்கின்றன; மூளை அவ்விரண்டையும் இணைத்தே தூரத்தையும் ஆழத்தையும் அறிகின்றது. அதே தந்திரத்தைப் படங்களைக் கொண்டு செய்தால் தட்டையான படம் ஆழமுள்ளதாகத் தோன்றும். இதற்கு மேலதிகமாக, தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகின்றது. மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் நிலம். பார்ப்பவர் தாம் அவ்விடத்தில் நிற்பதாகவே உணர்கின்றார்.

இதன் அடிப்படை புதியதன்று. இரட்டைப் படத்தால் ஆழத்தைக் காட்டும் கருவியை 1838 இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் என்ற ஆங்கிலேயர் விளக்கியிருந்தார். எமது விஞ்ஞான ஆசிரியர்கள் வீற்ஸ்ரன் பாலம் என்று மின்னியலிற் கற்பிப்பது அவரது பெயரைத்தான். தலையில் அணியும் கணினித் திரையை 1968 இல் ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கர் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கவிடவேண்டிய அளவு பாரமானதாக இருந்தது. 2014 இல் கூகிள் கம்பனி கடதாசி மட்டையையும் இரண்டு வில்லைகளையும் கொண்டு, கைத்தொலைபேசியை உள்ளே செருகிப் பார்க்கும் மலிவான பெட்டியொன்றை வெளியிட்டது. அதன் வரைபடத்தையும் எவரும் வெட்டி ஒட்டத்தக்கதாகப் பகிரங்கமாகவே தந்தது.

பாடசாலைகளுக்கும் இது புதியதன்று என்பதை வாசித்தபோது நாம் வியப்படைந்தோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரப்பிடியுள்ள பார்வைக் கருவியையும் இரட்டைப் புகைப்பட அட்டைகளையும் பெட்டி பெட்டியாக அமெரிக்கப் பாடசாலைகளுக்கு விற்ற கம்பனிகள் இருந்தன. கீஸ்ரோன் என்ற கம்பனி இதற்கெனக் கல்விப் பிரிவொன்றையே நடத்திற்று. பிள்ளைகள் வகுப்பிலிருந்தபடியே எகிப்தின் பிரமிட்டுகளைப் பார்த்தார்கள். அக்காலத்தில் விற்பனையான இரட்டைப் படங்களில் இலங்கையும் இருந்தது. எமது மலையகத்தில் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களை அமெரிக்கர் அந்தக் கருவியினூடாக ஆழத்தோடு பார்த்தார்கள். பார்க்கப்பட்ட அப்பெண்களின் பிள்ளைகளிற் பலருக்கு அன்று முறையான பாடசாலை கூட இருக்கவில்லை. படம் பிடிப்பவர் யார், பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது. இன்றைய மெய்நிகர்க் கண்ணாடிக்கும் அக்கேள்வி பொருந்துமா என்று நாம் பார்க்கவேண்டும்.

முதலில், இதனால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கின்றார்களா? 2018 இல் கலிபோர்ணியாவில் பரோங், மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவரில் ஒரு பகுதியினர் இரத்தக் கலங்களைப் பற்றிய பாடத்தைக் கண்ணாடியணிந்து, குருதிக்குள்ளேயே பயணிப்பது போலப் பார்த்தனர். மறு பகுதியினர் அதே விடயங்களைச் சாதாரண கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களாகப் பார்த்தனர். கண்ணாடி அணிந்தோர் பாடம் மிகச் சுவையாக இருந்ததாகக் கூறினர். ஆனால் பின்னர் வைத்த பரீட்சையிற் கூடுதலான புள்ளி பெற்றவர்கள் மற்றவர்களே. அடுத்த ஆண்டு மக்ரான்ஸ்கி என்பவரும் அவரது குழுவினரும் பல்கலைக்கழக மாணவர் 52 பேரைக் கொண்டு செய்த ஆய்வும் இதையொத்த முடிவையே தந்தது: அவ்விடத்தில் இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றல் குறைந்தது.

திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையிடம் மறுநாட் காலை என்ன பார்த்தாய் என்று கேட்டால், "நல்லாயிருந்தது" என்ற ஒரு சொல்லே வருவதை நாம் அறிவோம். கண்ணுக்கு அளவுக்கு மிஞ்சிய விருந்து கிடைக்கும்போது மனதுக்கு நின்று யோசிக்க நேரமில்லை. ஆயினும் 2018 ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. காட்சியை இடையிடையே நிறுத்தி, பார்த்ததைச் சொந்த வார்த்தைகளிற் சுருக்கி எழுதச் செய்தபோது கண்ணாடி அணிந்தோரின் கற்றலும் உயர்ந்தது. நிறுத்து, என்ன கண்டாய், எழுது என்று சொல்வது யாருடைய வேலை? அது ஆசிரியருடையது. ஆகவே கண்ணாடி வந்தால் ஆசிரியர் குறைவு ஈடாகும் என்று எவரேனும் சொன்னால் அதை நம்பவேண்டாம். கண்ணாடி வந்த பாடசாலைக்குத் தேர்ந்த ஆசிரியர் முன்னரிலும் கூடுதலாகவே தேவைப்படுவார்.

இங்குதான் எமக்குப் பயம். இலங்கையிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழ ஆயிரம் மாத்திரமே. கிராமத்துப் பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டுமானால் முதலில் ஊரை விட்டுப் போகவேண்டும். விஞ்ஞான ஆசிரியர் வருவார், இடமாற்றம் பெற்றுப் போவார், அந்த வெற்றிடம் மாதக்கணக்கிற் காலியாகவே கிடக்கும். நாம் சென்ற அந்தப் பாடசாலையிலும் ஆய்வுகூடம் என்று பெயர் எழுதிய அறை இருந்தது. குழாய்களில் தண்ணீர் இல்லை. இரசாயனப் போத்தல்களின் சுட்டுத்துண்டுகள் மங்கிப்போயிருந்தன. மேசைகளின் மேல் விளையாட்டுப் போட்டிக் கொடிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. இந்த அறையில் ஐந்து கண்ணாடிகளையும் கொண்டுவந்து வைத்து, நாடா வெட்டி, புகைப்படமும் எடுத்துவிட்டால், இப்பாடசாலைக்கு நவீன ஆய்வுகூடம் உண்டு என்று எங்கோ ஒரு படிவத்தில் அடையாளமிடப்படும். அதன் பின் தண்ணீர்க் குழாயைக் கேட்டு யார் கடிதம் எழுதுவார்கள்? எழுதினாலும் யார் வாசிப்பார்கள்?

செலவையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மெற்றா கம்பனியின் மலிவான கண்ணாடி 2024 இல் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 300 டொலருக்குச் சற்றுக் குறைவு. டொலரை 300 ரூபா என்று கொண்டால், வரி சேராமலே ஒன்று 90,000 ரூபா. ஐந்துக்கும் நாலரை இலட்சம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு கண்ணாடிக்கு எட்டுப் பேர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாற்கூட நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் அதற்கே சரி. மாட்டவும் கழற்றவும் துடைக்கவும் நேரம் வேறு. கண்நோய் பரவும் காலத்தில் ஒரு முகத்திலிருந்து கழற்றியதை மறு முகத்தில் மாட்டுவது எவ்வளவு பாதுகாப்பானது என்பதைக் கிராமத்துச் சுகாதார உத்தியோகத்தர்களிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. நகர்வதாகக் கண் சொல்ல, அசையாதிருப்பதாக உட்காது சொல்ல, மூளை தடுமாறுவதே இதற்குக் காரணம். ஹற்றன் வளைவுகளில் பஸ்ஸில் வருவது போன்ற அதே மயக்கம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இது உகந்ததல்ல என்பதைத் தயாரிப்பாளர்களே ஏற்றுக்கொள்கின்றனர். மெற்றா கம்பனி 13 என்று வைத்திருந்த வயதெல்லையை 2023 இல் பெற்றோரின் கண்காணிப்போடு 10 ஆகக் குறைத்தது; அதற்கும் கீழ் இறங்கவில்லை. ஆகவே ஆரம்பப் பிரிவின் பெரும்பகுதியை இப்பேச்சிலிருந்து விலக்கிவிடலாம்.

எமது நாட்டின் அண்மைக்கால அனுபவத்தையும் மறக்கலாகாது. 2021 இல், கொரோனாக் காலத்தில், பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணையத் தொடர்பு தேடிக் காட்டுவழியாக மலையேறிச் சென்ற செய்தி உலகெங்கும் போயிற்று. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதே மாதத்தில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு நடைமுறையிலிருந்தது. அந்த இடர் இன்று தணிந்திருந்தாலும், மின்சாரத்தையும் இணையத்தையும் டொலரையும் நம்பி நிற்கும் கல்விச் சாதனம் எவ்வளவு விரைவில் கையை விரிக்கும் என்பதை நாம் அனுபவித்தே அறிந்திருக்கின்றோம்.

எல்லாவற்றிலும் மேலாக எம்மைச் சிந்திக்க வைத்தது வேறொரு சம்பவம். முன்னர் குறிப்பிட்ட மட்டைப் பெட்டிக்கென்றே கூகிள் கம்பனி 2015 இல் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்ற திட்டத்தைப் பாடசாலைகளில் ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான சுற்றுலாக் காட்சிகள் அதில் இருந்தன. ஆசிரியர் தம் கையிலுள்ள கருவியிலிருந்து வகுப்பு முழுவதையும் ஒரே இடத்துக்கு 'அழைத்துச்' செல்லலாம். பல நாடுகளின் ஆசிரியர்கள் அதை நம்பிப் பாடங்களை ஆயத்தஞ் செய்தார்கள்; பாடசாலைகள் கருவித் தொகுதிகளை வாங்கின. 2021 யூன் 30 ஆந் திகதி அத்திட்டம் மூடப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் சொந்தமாகக் காட்சிகளைத் தொகுக்க உதவிய மென்பொருளும் அதனோடு நிறுத்தப்பட்டது. காட்சிகளிற் பல அக்கம்பனியின் வேறோர் இணையப் பக்கத்துக்கு மாற்றப்பட்டனவாயினும், ஆசிரியர் வகுப்பை வழிநடத்தும் அந்த வசதி போய்விட்டது. மட்டைப் பெட்டியின் விற்பனையும் அதே ஆண்டில் நின்றது. கம்பனிக்கு அது ஒரு வியாபாரத் தீர்மானம். வாங்கி வைத்த பாடசாலைக்கோ அலுமாரியில் ஒரு பெட்டி.

கிராமிய அபிவிருத்தியில் ஈடுபட்டோருக்கு இக்கதை பழக்கமானது. 1970 களில் இந்தியக் கிராமங்களில் வறட்சிக்கென ஆழமான குழாய்க்கிணறுகள் பல்லாயிரக்கணக்கில் தோண்டப்பட்டன. அவற்றுக்குப் பொருத்திய கைப்பம்பிகளோ ஒரு குடும்பம் பாவிப்பதற்கென அமைந்தவை. முழுக் கிராமமும் காலை முதல் மாலை வரை அடிக்க, அவை மாதங்களிலேயே உடைந்தன. அந்தத் தசாப்தத்தின் நடுப்பகுதியில் எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை இயங்காமற் கிடந்தன. அதன் பின்னரே, சோலாப்பூரில் மிஷன் வேலைத்தளமொன்று செய்துவந்த பம்பியை ஆதாரமாகக் கொண்டு, யுனிசெப்பின் உதவியோடு 'இந்தியா மார்க் 2' உருவாயிற்று. சாதாரண பட்டறையிற் செய்யக்கூடியது, நாள் முழுதும் அடித்தாலும் தாங்கக்கூடியது. பின்னர் வந்த 'மார்க் 3' கிராமத்தவரே கழற்றித் திருத்தத்தக்கதாக அமைந்தது. பம்பியை யார் தருகின்றார் என்பதிலும் பார்க்க, அது உடைந்த அன்று யார் திருத்துவார் என்பதைக் கேட்டவர்களாலேயே கிராமங்களில் தண்ணீர் ஓடிற்று. எமது கூட்டத்திலும் அதைத்தான் கேட்டோம். கண்ணாடியின் பற்றரி பழுதடைந்தால் மன்னாரில் யார் திருத்துவார்? கடவுச்சொல்லை வைத்திருக்கும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றால்? காட்சிகள் தமிழில் உண்டா? ஒன்றுக்கும் கடிதத்திற் பதில் இல்லை.

இவ்வளவும் எழுதியதால் எம்மைப் புதுமைக்கு எதிரிகள் என்று எவரும் எண்ணவேண்டாம். இக்கருவியால் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலமாக இத்துறையில் உழைக்கும் ஜெரமி பெயிலென்சன் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கின்றார். நேரிற் செய்தால் ஆபத்தானவை, செய்யவே இயலாதவை, செய்வதால் வேறு கேடு விளைபவை, பெருஞ் செலவு பிடிப்பவை - இவற்றுக்கே இக்கருவி தகும். மற்றவற்றை நேரிலே செய்யுங்கள் என்கின்றார். விமானிகள் பறக்கப் பழகுவது பாவனைக் கூண்டுகளில்தான். சத்திரசிகிச்சை பழகும் வைத்தியர்களுக்கும் இது உதவுகின்றது.

இந்த அளவுகோலை அந்தக் கரையோரப் பாடசாலையில் வைத்துப் பார்த்தோம். கடிதத்தோடு வந்த மாதிரிப் பட்டியலில் முதலாவதாக இருந்த காட்சி, ஆபிரிக்க ஏரியொன்றிற் கூட்டமாக நிற்கும் பூநாரைகள். பாடசாலையிலிருந்து சைக்கிளிற் போகக்கூடிய தூரத்தில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் இருக்கின்றது. 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மாரிகாலத்தில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் அங்கு வருகின்றன, பூநாரைகளும் வருகின்றன. தரம் 9 மாணவரில் எத்தனை பேர் அவற்றை நின்று பார்த்து, எண்ணி, குறித்து வந்திருக்கின்றார்கள் என்று கேட்டோம். ஒருவர்கூட இல்லை. இதற்குக் கண்ணாடி எதற்கு? ஒரு நாள், ஓர் ஆசிரியர், இரவலாக ஒரு தொலைநோக்கி, மதியச் சாப்பாட்டுப் பொதி. இவை போதும்.

ஆனால் அதே பிள்ளைகள் பார்க்க முடியாத ஒன்றும் மிக அருகில் இருக்கின்றது. அவர்களது தகப்பன்மாரின் வள்ளங்களுக்கு அடியிலுள்ள கடல். மன்னார்க் கடலின் முருகைக்கற்பாறைகளிலேயே மீன் முட்டையிடுகின்றது, குஞ்சு ஒளிந்து வளர்கின்றது. அம்முருகைக்கல் ஓர் உயிர் என்பதும், தன்னுள் வாழும் நுண்ணிய பாசிகளிடமிருந்தே பெரும்பகுதி உணவைப் பெறுகின்றது என்பதும், கடல் வெப்பமானால் அப்பாசிகளை இழந்து வெளிறி, வெப்பம் நீடித்தால் இறக்கின்றது என்பதும் பாடப் புத்தகத்தில் சில வரிகளே. 1998 இல் இலங்கையைச் சூழ்ந்த பல பாறைகள் இவ்வாறு வெளிறின. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறை பலத்த அழிவைக் கண்டது. டைனமைற் போட்டு மீன் பிடித்தால் பாறைக்கு என்ன நேர்கின்றது, இழுவைமடி கடலடியைச் சுரண்டிச் சென்ற பின் அங்கே என்ன மிஞ்சுகின்றது என்பதைக் கரையிலிருக்கும் பிள்ளை காண வழியில்லை. இழுவைமடித் தொழிலை 2017 இல் இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. அச்சட்டம் ஏன் வந்தது என்பதைக் கடலடியைக் கண்ட பிள்ளைக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

இப்படியொன்றைச் செய்து பார்த்தும் இருக்கின்றார்கள். இத்தாலியின் இஸ்கியா தீவருகே எரிமலை வாயு கசிந்து கடல் அமிலமாகும் இடத்தை வைத்து ஸ்ரான்போர்ட் குழுவினர் ஒரு மெய்நிகர்க் காட்சியை அமைத்தனர். அதைப் பயன்படுத்திய மாணவர் கடல் அமிலமாதலைப் பற்றிய அறிவில் முன்னேறியதாக 2018 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. நேரிற் காட்ட இயலாததற்கு அக்கருவியைப் பயன்படுத்தினார்கள், பலன் கிடைத்தது.

ஆனால் இஸ்கியா கடல் எமது கடலன்று. நாலு புறமும் ஒரே தடவையிற் படம் பிடிக்கும் கமெராக்கள் இன்று ஒரு கண்ணாடியின் விலையைச் சற்று அண்டிய விலையிற் கிடைக்கின்றன. நீர் புகாத உறையும் உண்டு. எமது ஊரில் முத்துக் குளித்தவர்களின் பரம்பரையும், இன்று சங்கு குளிப்போரும், கடலட்டை எடுக்கச் சுழியோடுவோரும் இருக்கின்றார்கள். கமெராவை அவர்களிடம் கொடுத்து, நல்ல பாறை ஒன்றையும் கெட்ட பாறை ஒன்றையும் எடுத்து வரச் சொல்லலாம். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் எடுப்பது என்று தரம் 10 மாணவர் தீர்மானிக்கட்டும். விளக்கவுரையைத் தமிழில் அவர்களே எழுதி, அவர்களே வாசிக்கட்டும். அம்மீனின் பெயர் கரையில் என்ன, புத்தகத்தில் என்ன என்பதைத் தகப்பன்மாரிடமும் ஆசிரியரிடமும் கேட்டறியட்டும். இவ்வாறு செய்த படத்தை வலயத்தின் கணினி வள நிலையத்தில் வைத்தால் மலையகத்துப் பிள்ளையும் பார்க்கலாம். மலையகத்துப் பிள்ளைகள் தாம் வாழும் லயத்தையும் மண்சரிவு அபாயமுள்ள சரிவையும் தாமே எடுத்து அனுப்பட்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் பாட்டிமாரை எடுத்த படத்துக்கு அது ஒரு மறுமொழியாகவும் அமையும். இணையம் இல்லாவிட்டாலும் பென்டிரைவில் கொண்டுபோகலாம். கண்ணாடி இல்லாவிட்டாற் சாதாரணத் திரையிலும் பார்க்கலாம். கலிபோர்ணிய ஆய்வின்படி அதுவே கூடுதலாக மனதிற் பதியவும் கூடும்.

கூட்டத்தின் முடிவிற் சங்கம் பதிற் கடிதமொன்றை வரைந்தது. ஐந்து கண்ணாடிக்குப் பதிலாக ஒன்று போதும் என்றும், நீருறையுடன் கூடிய நாற்புறக் கமெரா ஒன்று வேண்டும் என்றும், மிகுதிப் பணத்தில் ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்க் குழாயும் வாயு அடுப்புகளும் இரசாயனப் பொருட்களும் வாங்கித் தரும்படியும் அதிற் கேட்கப்பட்டது. விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றிக் கல்வி அலுவலகத்துக்குத் தனிக் கடிதம். உதவுவோர் மனம் புண்படுமோ என்று சிலர் தயங்கினர். நன்கொடையைத் திருத்திக் கேட்பது நன்றிகெட்ட செயலா என்று நீண்ட விவாதம் நடந்தது. வேண்டாததை வாங்கி அலுமாரியில் வைப்பதே பெரிய நன்றிகேடு என்ற கட்சி ஈற்றில் வென்றது. பழைய மாணவர்களிடமிருந்து வந்த பதில், கமெராவுக்கும் ஒரு கண்ணாடிக்கும் இணக்கம் தெரிவித்தது. குழாயைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். படமெடுத்து அனுப்பக் கண்ணாடியளவு கவர்ச்சி குழாய்க்கு இல்லைத்தான்.

அன்று கேள்வி கேட்ட தாயைக் கூட்டம் கலைந்த பின் வாசலிற் சந்தித்தோம். அவரது கணவர் சுழியோடி என்று அப்போதுதான் அறிந்தோம். கமெரா வந்தால் அவர் எடுத்துத் தருவாரா என்று கேட்டோம். "அதுக்கென்ன, பங்குனி சித்திரையில கடல் தெளிஞ்சிருக்கும், அப்ப வாங்கோ. ஆனா அவர் எடுத்ததை முதல்ல எனக்குத்தான் காட்ட வேணும். கலியாணம் முடிச்சு இருபது வருசம், அவர் எங்க போய் வாறார் எண்டு நான் ஒரு நாளும் கண்டதில்லை" என்றார்.